புள்ளியில் வராதவர்கள்

மெல்போர்னில் நாங்கள் போன முதல் தமிழ் வீட்டுப் பொங்கலில் எனக்காகத் தாள் விரித்தார்கள். வாசல் கதவிலிருந்து சோபா வரை, ஒன்றின் ஓரம் இன்னொன்றின்மேல் ஏறியிருக்கும்படி, சூப்பர் மார்க்கெட்காரர்கள் தபால் பெட்டியில் சும்மா செருகிவிட்டுப் போகும் வழவழ விளம்பரத் தாள்கள். "நீங்க ஷூவைக் கழட்ட வேண்டாம் சார், அப்படியே வாங்க" என்றார் வீட்டுக்காரர். நல்ல மனிதர். என்னையும் சங்கடப்படுத்தக் கூடாது, புதுக் கார்ப்பெட்டும் அழுக்காகக் கூடாது என்று அவர் கண்டுபிடித்த வழி அது. மற்றவர்கள் வெறுங்காலோடு அங்கங்கே நின்று பேசிக்கொண்டிருக்க, நான் ஆட்டுத் தொடை கிலோ என்ன விலை, வாஷிங் பவுடர் இரண்டு எடுத்தால் என்ன தள்ளுபடி என்று படித்துக்கொண்டே நடந்தேன். வழவழத் தாளில் ஊன்றுகோல் வழுக்கும், கண்ணை எடுக்க முடியாது.

நான் உட்கார்ந்த பிறகும் அந்தத் தாள்களை யாரும் எடுக்கவில்லை. திரும்பிப் போக வேண்டுமே. அதன்மேல் ஓடாதே என்று ஒரு அம்மா பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரம் கூடத்தின் நடுவே என் பாதை மட்டும் தனியாகக் கிடந்தது. பொங்கல் கைக்கு வந்தது, வடை கைக்கு வந்தது, ஒவ்வொருவராக வந்து குனிந்து நலம் விசாரித்தார்கள். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

ஊர் திரும்பிச் சில வருசம் ஆகிவிட்டது. இத்தனை நாள் எழுதாததை இப்போது எழுதுவதற்குக் காரணம் அடுத்த தெருப் பையன் ஒருவன். அவனிடம் பிறகு வருகிறேன்.

ஷூவைக் கழட்ட வேண்டாம் என்று அவர் சொன்னதற்குக் காரணம் என் காலில் மாட்டியிருக்கும் காலிபர். அது என்னவென்று தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். காலின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி. தொடையில் ஒரு தோல் வார், முட்டியில் ஒன்று, அதற்குக் கீழே ஒன்று. கம்பிகளின் அடி நுனி கனத்த பூட்ஸின் குதிகாலுக்குள் செருகியிருக்கும். முட்டிக்கு நேரே ஒரு பூட்டு. எழுந்து நிற்கும்போது அது டக்கென்று விழுந்தால்தான் கால் நிற்கும், உட்காரும்போது விரலால் தூக்கிவிட வேண்டும். பூட்ஸைக் கழற்றினால் காலிபரே போன மாதிரி. அதற்கப்புறம் என் இடது கால் கொடியில் போட்ட ஈரத் துணிதான்.

1978ல், ஒன்றரை வயதில் எனக்குக் காய்ச்சல். ஊசி போட்டார்கள். மறுநாள் கால் வரவில்லை. ஊசியால்தான் போச்சு என்று ஆத்தா, என் அம்மா, கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அது வெறும் புலம்பல் என்றுதான் நான் நெடுநாள் நினைத்தேன். போலியோ கிருமி உடம்பில் இருக்கும் நேரத்தில் சதையில் போடும் ஊசி வாதத்தைத் தூண்டிவிடலாம் என்று மருத்துவர்களே எழுதியிருப்பதைப் பிற்பாடு படித்தபோது ஆத்தா இல்லை. இயற்கையாகப் பரவும் போலியோவுக்கு இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில், ஹவுரா பக்கம் ஒரு குழந்தை. 2014ல் நாடே போலியோவிலிருந்து விடுபட்டது என்று சான்றிதழ் கொடுத்தார்கள். ஆக, நாங்கள் தீர்ந்துபோகிற சரக்கு.

எங்கள் வீடு காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊரில். செட்டிநாட்டு வீட்டைப் படத்தில் பார்த்தவர்களுக்கு பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் ஞாபகம் வரும். எனக்கு அந்த வீடு என்றாலே படிதான். தெருவிலிருந்து முகப்புக்கு ஏழு படி. முகப்பிலிருந்து நடு முற்றமான வளவுக்குள் போக நிலைப்படி ஒன்று, வளவிலிருந்து பின்பகுதியான இரண்டாம் கட்டுக்கு ஒன்று, அங்கிருந்து அடுப்படிக்கு இன்னொன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் கொண்டதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், அதனால்தான் வீட்டை இவ்வளவு மேட்டில் கட்டினார்கள் என்பது எங்கள் பக்கத்துக் கதை. அந்தக் கூட்டத்தில் என்னைப் போல ஒருத்தர்கூட வரவில்லை போலிருக்கிறது.

ஆனால் ஒவ்வொரு படிக்கும் ஒரு கை இருந்தது. சமையல்காரர், வாசல் தெளிக்க வரும் அம்மா, பங்காளி வீட்டுப் பையன்கள், யாரோ ஒருவர். கேட்கவே வேண்டாம், கை நீளும். கோயிலுக்குப் போகும் நாளில் ஆத்தா பழைய வேட்டித் துணியில் பூட்ஸுக்கு உறை தைத்து மாட்டிவிடுவார். இளையாத்தங்குடியில், செட்டிநாட்டுச் செட்டியார்களான எங்கள் நகரத்தாரின் கோயிலுக்குள் அந்த வெள்ளை உறையோடுதான் நான் போவேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

உடனே ஊரைப் பற்றிப் பெருமை பேசுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். கை கொடுத்த அதே ஆட்கள் என் தலைக்கு மேலே பேசிக்கொள்வார்கள். "இவனுக்கு யாரு பொண்ணு குடுப்பாக? ஏதோ அண்ணன் தம்பி பாத்துக்கிட்டாத்தான்." நகரத்தார் கணக்கில் கலியாணம் ஆனால்தான் ஒரு புள்ளி. கோயிலுக்குப் புள்ளி வரி, ஊர்க் காரியத்துக்குப் புள்ளிக் கணக்கு. ஊரில் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை புள்ளி என்றுதான் கேட்பார்கள். நான் புள்ளியாக மாட்டேன் என்று பத்து வயதிலேயே முடிவு கட்டிவிட்டார்கள். கடைசியில் நான் கட்டிக்கொண்டது சிவகங்கைப் பக்கத்துக் கிறிஸ்தவ வீட்டுப் பெண்ணை, ஒரு நர்ஸை. எங்கள் கலியாணத்தை ஏற்றுக் கோயில் மாலை வரவில்லை, கணக்கில் ஏறவும் இல்லை. அது தனிக் கதை, இன்னொரு நாள் சொல்கிறேன்.

எனக்கு முன்னாலேயே வீட்டில் புள்ளியாகாதவர் ஒருவர் இருந்தார். ஐயாவின், அதாவது தாத்தாவின், தம்பி. சின்னய்யா என்போம், ஊரார் ஊமைச் செட்டியார் என்பார்கள். காது கேளாது. ஐயாவும் மற்றச் சகோதரர்களும் பதினாலு பதினைந்து வயதில் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள். ரங்கூன் மொகல் தெருவில் கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் எடுபிடியாக, பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மூன்று வருசத்துக்கு ஒரு தடவை ஊர் வந்தவர்கள். சின்னய்யாவைக் கப்பலேற்றவில்லை. "வீட்டைப் பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும்" என்று சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு நினைவு தெரிந்தபோது அவருக்கு எழுபது இருக்கும். சாயங்காலம் ஒவ்வோர் அறையாகப் பூட்டிக்கொண்டு வருவார். பூட்டு விழுந்த சத்தம் அவருக்குக் கேட்காதே, அதனால் பூட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். என் காலிபர் பூட்டு விழுந்ததா என்றும் அப்படித்தான் முட்டியில் கை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைப்பார். கப்பல் ஏறாதவர் என்று அவரைப் பற்றி நான் அப்போது யோசித்ததே இல்லை.

2016ல் என் மனைவிக்கு மெல்போர்ன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. தற்காலிக விசா. நானும் மகளும் அவர் சார்பில் வந்தவர்கள். போய் இறங்கியபோது எனக்குப் பிரமிப்புதான், அதை மறைக்க மாட்டேன். நூலகத்துக்குச் சாய்தளம், கடைக்குச் சாய்தளம், கழிப்பறைக்குள் கைப்பிடி. பழைய டிராம்களில் மட்டும் படி உண்டு, அவற்றை விட்டுவிட்டு அடுத்ததற்கு நிற்பேன். வாழ்க்கையில் முதல்முறையாக யார் கையையும் பிடிக்காமல் ஒரு வாரம் முழுக்க நடமாடினேன். முதல் வாரம் அது சுதந்திரமாக இருந்தது. மூன்றாவது மாதம், மனைவியும் மகளும் தவிர யாரும் என்னைத் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்க்கிற நிலைமை.

வேலை தேடினேன். காரைக்குடியில் ஆடிட்டர் ஆபீஸில் பதினெட்டு வருசம் கணக்கு எழுதியவன். மெல்போர்னில் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள், ஊன்றுகோலைப் பார்த்ததும் இன்னும் அன்பாகப் பேசுவார்கள், அப்புறம் கடிதம் வராது. கடைசியில் ஒரு தமிழ் மளிகைக் கடைக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதினேன்.

ஒருநாள் தொடை வார் அறுந்துவிட்டது. காரைக்குடியில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செருப்புத் தைப்பவர் ஒருவர் மெழுகு நூலில் நாலு தையல் போட்டு, வாரை இழுத்துப் பார்த்து, "நடங்க அண்ணாச்சி" என்பார். முப்பது ரூபாய். மெல்போர்னில் செருப்புக் கடைக்காரர் கையை எடுத்துவிட்டார். இது மருத்துவச் சாதனம், நான் தைத்து நீங்கள் விழுந்தால் இன்சூரன்ஸ் என்னைக் கேட்கும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. சரி என்று காலிபர் செய்யும் பட்டறைக்கே போனேன். புதிதாகச் செய்தால் பல ஆயிரம் டாலர். அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாகக் குடியேறியவர்களுக்கும் இதற்கென்றே தேசிய ஊனமுற்றோர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, 2013ல் தொடங்கியது. தற்காலிக விசாவுக்கு அதில் இடமில்லை. பழைய வாரை மட்டும் மாற்றித் தரச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

அங்கேதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். எதிர் நாற்காலியில் வெள்ளைக்காரப் பாட்டி, இடது காலில் காலிபர். என்னுடையதேதான். கம்பி மெல்லிசு, வார் வேறு நிறம், அவ்வளவுதான் வித்தியாசம். என் காலைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது இருக்கிறதே, அந்த நாட்டில் என்னைப் பார்த்து அப்படி யாரும் சிரித்ததில்லை. 1951ல், ஐந்து வயதில் வந்ததாம். தங்கள் கூட்டத்தில் எல்லோரும் கிழடுகள், உன்னை மாதிரிச் சின்னப் பையனைப் பார்த்ததே இல்லை என்றார். எனக்கு அப்போது நாற்பத்தொன்று. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பூட்டைத் தூக்கி, ஒரே நேரத்தில் டக்கென்று போட்டுக்காட்டிக்கொண்டோம்.

அப்புறம் செலவைப் பற்றிப் பேச்சு வந்தது. உங்களுக்கென்ன, திட்டத்தில் கிடைத்துவிடும் என்றேன். இல்லை என்றார். 65 வயதுக்குள் சேர வேண்டும் என்பது விதி. திட்டம் அவர் ஊருக்கு வந்தபோது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்த நாட்டில் போலியோவோடு இருப்பவர்களில் பெரும்பாலோர் அவர் வயதுக்காரர்கள், பாதிப் பேருக்கு மேல் வெளியே. ஒரே கால். அவருக்கு வயது தடை, எனக்கு விசா தடை. அவர் சிரித்தார். அவரால் சிரிக்க முடியும், அவரை யாரும் நாட்டை விட்டுப் போகச் சொல்லப் போவதில்லை.

என்னைச் சொன்னார்கள். 2018ல் நிரந்தர விசாவுக்கு மனுப் போட்டோம். மனைவி வேலைசெய்த இல்லத்தில் அவரை விடவே மனமில்லை. எல்லாப் படிவமும் சரி. அப்புறம் மருத்துவச் சோதனை. சிவகங்கை மாவட்டத்தில் எனக்குக் கொடுத்த 60 சதவீத ஊனச் சான்றிதழைப் பையில் வைத்திருந்தேன், அதை யாரும் கேட்கவில்லை. டேப் வைத்துத் தொடையை அளந்தார்கள், எழு, உட்கார், நட என்றார்கள்.

ஆஸ்திரேலியச் சட்டம் போடும் கணக்கு இது. குடியேற வருபவரின் உடல்நிலையால் அரசுக்கு ஆகக்கூடிய செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் விசா இல்லை. நாங்கள் மனுப் போட்டபோது வரம்பு 40,000 டாலர். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, 2024 ஜூலையில் 86,000 ஆக்கியிருக்கிறார்கள். நான் இதுவரை என்ன செலவு வைத்தேன் என்பது கேள்வியே இல்லை. என்னைப் போலவே, என் அளவுக்கே ஊனமுள்ள ஒரு கற்பனை ஆளை எடுத்துக்கொள்வார்கள். அந்த ஆளுக்குச் சட்டப்படி என்னென்ன உதவி கிடைக்கக்கூடுமோ எல்லாவற்றையும் கூட்டுவார்கள். நான் வாங்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தாலும், என் செலவை என் மனைவி பார்த்துக்கொள்வார் என்றாலும் செல்லாது.

அந்தக் கற்பனை ஆள்மீது எனக்கு இன்றும் பொறாமை. அவர் நன்றாக வாழ்ந்தார். ஐந்து வருசத்துக்கு ஒரு தடவை புதுக் காலிபர் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு உதவியாளர் வந்தார். பிஸியோதெரபிக்கு டாக்சியில் போனார். நான் அறுந்த வாரோடு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். எனக்குத் தர முடியாது என்று சொன்ன திட்டத்தின் செலவை அவர் கணக்கில் எழுதி, அந்தத் தொகையைக் காட்டி என்னை அனுப்பினார்கள். பதினெட்டு வருசம் கணக்கு எழுதியவன் சொல்கிறேன், இப்படி ஒரு பற்று வரவை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

அதோடு முடியவில்லை. குடும்பத்தில் ஒருவர் தவறினால் எல்லோரும் தவறியதாகத்தான் கணக்கு. மனைவியின் படிப்பு, அனுபவம், மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் என் தொடையின் சுற்றளவில் போய் நின்றன. சில வகை விசாவில் விலக்குக் கேட்கலாம். எங்களுடையதில் அதுவும் இல்லை. கடிதம் வந்த அன்று இரவு மகள் கேட்டாள். அவளுக்கு ஒன்பது வயது. "உங்க காலாலயா அப்பா?" மனைவி அவளை அடிக்கப் போனார். நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்த நாட்டில் ஊனமுற்றோரைப் பாகுபடுத்தக் கூடாது என்று 1992லிருந்தே சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம். குடியேற்றச் சட்டத்துக்கு அது பொருந்தாது என்று அதிலேயே 52ஆம் பிரிவில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஐநாவின் ஊனமுற்றோர் உரிமை உடன்படிக்கையில் 18ஆம் பிரிவு, இடம் பெயரவும் குடியுரிமை பெறவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்கிறது. ஆஸ்திரேலியா 2008ல் அதை ஏற்றுக்கொண்டபோது, எங்கள் நாட்டு உடல்நல நிபந்தனைகளை இது தொடாது என்று ஓர் அறிவிப்பையும் சேர்த்தே கொடுத்தது. 1901ல் வந்த அவர்களுடைய குடியேற்றத் தடைச் சட்டம், ஐரோப்பிய மொழி ஒன்றில் ஐம்பது சொல்லைச் சொல்லி எழுது பார்ப்போம் என்று நிறத்தை வடிகட்டியது. அதே பிரிவில் மனநலம் குன்றியவர், நோயாளி என்று வேறொரு பட்டியலும் இருந்தது. எழுத்துச் சோதனையை 1958ல் எடுத்துவிட்டார்கள். உடம்புச் சோதனை வேறு வேறு பெயரில் தொடர்கிறது.

அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. கனடாவிலும் இதே கணக்கு உண்டு. 2018ல் வரம்பை மூன்று மடங்காக்கிச் சிறப்புக் கல்விச் செலவை எடுத்துவிட்டதால் அங்கே கொஞ்சம் மூச்சு விடலாம். பிரிட்டனில் உள்ளே விட்டாலும், விசாவில் பொதுநிதி இல்லை என்று ஒரு வரி இருந்தால் ஊன உதவித்தொகை கிடையாது. அமெரிக்காவில் எல்லிஸ் தீவில் இறங்கியவர்களை மாடிப்படி ஏறச் சொல்லிவிட்டு மருத்துவர்கள் மேலே நின்று பார்த்தார்கள். யார் நொண்டுகிறார், யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று பார்த்துச் சட்டையில் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டார்கள். நொண்டினால் எல் என்ற எழுத்து. அதைப் படித்த அன்று எங்கள் முகப்பின் ஏழு படியும் ஞாபகத்துக்கு வந்தது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ராமேசுவரம் ரயிலில் போனால் மண்டபம் கேம்ப் என்று ஒரு நிலையம் வரும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களை அங்கே நிறுத்தி, நாள்கணக்கில் அடைத்து வைத்து, ஊசி போட்டு, உடம்பைப் பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எந்த வழியில் நடந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று எனக்கு ஒரு யோசனை. அப்புறம் எங்கள் வீட்டுக் கதை. சின்னய்யாவை எந்த வெள்ளைக்கார டாக்டரும் தடுக்கவில்லை. வளவில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, ஐயாவின் அப்பச்சியே, பெற்ற அப்பாவே, முடிவு செய்தார்.

மெல்போர்ன் தமிழர்களைப் பற்றிச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. தமிழ் நிகழ்ச்சி ஒன்று லிப்ட் இல்லாத மாடியில் நடந்தது. கீழே நின்று போன் செய்தேன். "தூக்கிட்டு வந்துரவா அண்ணா?" என்று இரண்டு பையன்கள் ஓடி வந்தார்கள். ஊரில் சும்மா நீளும் கை அங்கே கேட்டுத்தான் வந்தது, அதுவும் ஒரு காட்சியாகத்தான் வந்தது. வேண்டாம் தம்பி என்று வந்துவிட்டேன். ஒரு கோயிலில் ஆத்தா தைத்த துணி உறையை மாட்டிக்கொண்டு போனேன். தொண்டர் ஒருவர், உறையானாலும் உள்ளே செருப்புதானே சார் என்றார். வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்து, தீபாராதனை அங்கிருந்தே தெரியும் என்றார். தெரிந்தது, உண்மைதான். பெண்கள் என் மனைவியிடம், "உங்களுக்குப் பெரிய மனசு சிஸ்டர்" என்பார்கள். நான் பக்கத்திலேயே நிற்பேன்.

உள்ளூர் ஊனமுற்றோர் குழு ஒன்றுக்குப் போனேன். மரியாதையான கூட்டம். ஆனால் பேச்செல்லாம் அந்தக் காப்பீட்டுத் திட்டம்தான், யாருக்கு எவ்வளவு வந்தது, எதைக் குறைத்தார்கள் என்று. நான் தலையாட்டிவிட்டுப் பிஸ்கட் சாப்பிட்டேன். உங்களுக்கு குடியேறியவர்கள் சங்கம்தான் சரி என்றார் ஒருவர். அந்தச் சங்கத்தில் கேட்டால், ஊனமுற்றோர் குழு ஒன்று இருக்கிறதே, போய்ப் பார்த்தீர்களா என்றார்கள்.

தமிழ்க் குடும்பங்களில் ஊனமுள்ள பிள்ளைகளே கண்ணில் படவில்லை. முதலில் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். பிறகுதான் மளிகைக் கடைக்காரர் விவரம் சொன்னார். "அவங்களுக்கு மூத்த பையன் ஒருத்தன் இருக்கான் சார், ஊர்ல பாட்டிகிட்ட." அப்புறம் இன்னொரு வீடு, இன்னொரு பெண். படிவத்துக்குப் பயந்து சிலர், படிவம் வருவதற்கு முன்பே ஊர்ப் பேச்சுக்குப் பயந்து சிலர்.

2020 பிப்ரவரியில் திரும்பினோம். அடுத்த மாதம் உலகத்தையே பூட்டிவிட்டார்கள். மனைவிக்குக் காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டாம். மகள் கொஞ்ச நாள் கோபமாக இருந்தாள். இப்போது அவளுக்கு நாயும் சிநேகிதிகளும் இருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து வீடுகளைப் பற்றி வெளியூர்க்காரர்கள் எழுதும்போது, ஆளில்லாத மாளிகைகள் என்பார்கள். சுற்றுலா வருபவர்களும் அப்படித்தான் படம் பிடிக்கிறார்கள். நான் ஆட்டோவில் நாலு தெரு சுற்றினால் எண்ணிச் சொல்லிவிடுவேன். இந்த வீட்டில் மனவளர்ச்சி குன்றிய அக்காள், ஐம்பது வயது, தம்பிகள் அமெரிக்காவில். அந்த வீட்டில் கண் தெரியாத சித்தப்பா. இரண்டாம் கட்டில், வெயில் படாத அறையில், ஒரு சமையற்கார அம்மாவோடு. முகப்பைப் பூட்டிக் கொல்லை வழியாகப் புழங்குவதால் தெருவிலிருந்து பார்த்தால் ஆளில்லாத வீடுதான். அந்த ஆட்டோக்காரரே சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போனவர், இயந்திரத்தில் மூன்று விரல் போய்விட்டது. போகும்போது உடம்பு முழுசாக இருக்கிறதா என்று சோதித்துத்தான் வேலை அனுமதி கொடுத்தார்கள். இழப்பீட்டு வழக்கு முடியும்வரை சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தார். "நல்லாப் போனேன், இப்படி வந்தேன். நீங்க இப்படியே போய் இப்படியே வந்துட்டீக" என்பார் என்னிடம். அதில் அவருக்கு ஒரு சிரிப்பு.

இப்போது அந்தப் பையன். பதினொரு வயது, டவுன் சிண்ட்ரோம். அப்பச்சியும் ஆத்தாவும் தங்கச்சியும் சிட்னியில், தற்காலிக விசாவில். மூன்று வருசமாக இங்கே ஆயாவிடம், பாட்டியிடம், இருக்கிறான். காலை பள்ளிக்கூட வேன் வரும்வரை எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். முதலில் என் காலிபர் பூட்டில்தான் அவனுக்கு ஆசை, தூக்குவதும் போடுவதுமாக இருந்தான். அப்புறம் சாமி அறையில் தொங்கிய சின்னய்யாவின் சாவிக்கொத்தைக் கண்டுபிடித்துவிட்டான். ஐம்பதுக்கு மேல் இருக்கும், பாதிக்குப் பூட்டே கிடையாது. பங்குப் பிரிவினையில் அந்த அறைகள் போய்விட்டன, சில பெட்டிகளை விற்றாயிற்று. அது அவனுக்குக் கவலையில்லை. தினமும் ஒரு கதவு. ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்து, திரும்பவில்லையென்றால் சத்தமாக "இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுப்பான். இரண்டாம் கட்டுக்குள் அவன் போக, நிலைப்படியின் மேல் பலகை ஒன்றைச் சரித்துப் போட்டிருக்கிறேன், எனக்கும் ஆயிற்று. நிலையில் லெச்சுமி இருக்கா, அதை மறைக்கிறியே என்று எங்கள் அயித்தை ஒருநாள் சண்டை போட்டுவிட்டுப் போனார்.

போன வாரம் அவன் அப்பச்சி சிட்னியிலிருந்து கூப்பிட்டார். நிரந்தர விசாவுக்கு எழுதப் போகிறார்களாம். சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டு, "அண்ணே, அவனை மனுவில காட்டாமலே விட்டா என்ன? அவன்தான் அங்க இருக்கானே" என்றார். அதை மட்டும் செய்யாதீர்கள், பிறகு எல்லாமே போய்விடும் என்றேன். கூட வராத பிள்ளையானாலும் சோதனை உண்டு, அவனுக்கு ஒரு கற்பனைப் பையனை வைத்துக் கணக்குப் போடுவார்கள், வரம்பு இப்போது கூடியிருக்கிறது, விலக்குள்ள விசாவாகப் பாருங்கள், அங்கேயே ஒரு நல்ல வக்கீலைப் பிடியுங்கள் என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். கடைசியில், "அவன் எப்படி இருக்கான்?" என்றார். சாவியைப் பற்றிச் சொன்னேன்.

இன்று காலை ஆயாவும் கூடவே வந்து பட்டாலையில் உட்கார்ந்தார். பையன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவோரம் நின்றான்.

"ஒனக்குத்தான் அந்த ஊருச் சட்டமெல்லாம் தெரியுமாமே தம்பி," என்றார் ஆயா. "அவுக இவனை எப்பத்தான் கூப்பிட்டுக்குவாக? இந்த வருசத்துல ஆயிருமா?"

நான் காலிபர் பூட்டைத் தூக்கி, காலை மடக்கி, எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பையன் "இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த சாவியை எடுத்தான்.